சர்க்கரையைப் பார்த்துக்கொள், கயல்

கோவை

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய படத்தொகுப்பு சென்ற வாரம் வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்தது நான்தான். அப்பா பிறகு பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தென்னைக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். அவர் திட்டாமல் போனால் அதற்கு என்ன பொருள் என்று உனக்கே தெரியும். திருப்பூர் அத்தைக்கு மட்டும் நான் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்.

தொகுப்போடு வைத்திருந்த துண்டுச் சீட்டில் லாரா அகிலார் என்ற பெயரும், "இவரைப் பாருங்கள் அம்மா" என்ற ஒரு வரியும் மட்டுமே இருந்தன. மாதக்கணக்கில் தொலைபேசியில் "நல்லா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்பதற்கு மேல் வாய் திறக்காத பெண், தான் சொல்ல வேண்டியதை இன்னொருவர் பெயரில் அஞ்சலில் அனுப்பியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1959இல் லாஸ் ஏஞ்சலஸை அடுத்த சான் கேப்ரியலில், மெக்சிக வழிக் குடும்பத்தில் பிறந்த புகைப்படக் கலைஞர். கற்றல் குறைபாட்டோடு வளர்ந்தவர். பருத்த உடல் கொண்டவர். பெண்களை நேசித்த பெண். இவற்றை எழுதும்போது என் பேனா எந்த இடத்திலும் நிற்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

1990இல் அவர் தன்னையே எடுத்த ஒரு படத்தில், அமெரிக்கக் கொடிக்கும் மெக்சிகக் கொடிக்கும் நடுவே, இடுப்பில் ஒரு கொடியும் முகத்தை மூடி இன்னொரு கொடியுமாக, கழுத்திலும் உடலிலும் கயிறு சுற்றப்பட்டு நிற்கிறார். அதை என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை. ஆனால் 1996இல் நீ இருக்கும் அதே நியூ மெக்சிகோவின் வெட்டவெளியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் கயிறும் இல்லை, கொடியும் இல்லை. பாறைக்குழியில் தேங்கிய நீரின் ஓரத்தில் ஆடையின்றி ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்; நீரில் அந்த உடல் தலைகீழாகத் தெரிகிறது. பத்தாண்டு கழித்து ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தில் எடுத்த வண்ணப் படத்தில், ஒரு பெரும் பாறைக்கு முன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். எங்கே சதை மடிகிறது, எங்கே கல் வளைகிறது என்று கண் ஒரு கணம் தடுமாறுகிறது. அந்தக் கல்லைப் பார்த்து இளைத்திருக்கலாமே என்று எவரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

உடம்பைப் பற்றிப் பேசக் கூசுபவள் அல்ல நான். பணிக்காலம் முழுவதும் பூ என்பது செடியின் பிறப்புறுப்பு என்று பிள்ளைகளுக்கு நடத்தியவள். மகரந்தத்தாளையும் சூலகத்தையும் எண்ணித் தாவரங்களை வகைப்படுத்தியதற்காக தாவரவியலாளர் லின்னேயஸை ஒழுக்கங்கெட்டவர் என்று வைத சக தாவரவியலாளர் சீகஸ்பெக்கின் கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லுவேன். அந்த மனிதரின் பெயரை இன்று ஒரு பிசுபிசுத்த களைச்செடி சுமக்கிறது, நீலகிரியிலும் முளைக்கிறது. உன் ஊர்ப் பக்கத்தில் வாழ்ந்த ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1932இல் வரைந்த ஊமத்தம்பூ, 2014இல் 4 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது என்று படித்தபோது, நம் வீட்டுக் குப்பைமேட்டு ஊமத்தையை வேலையாளிடம் பிடுங்கச் சொன்னது நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன். தன் பூக்களைப் பெண்ணுறுப்பு என்று விமர்சகர்கள் சொன்னதை அவர் கடைசிவரை மறுத்துவந்தார். அகிலாரோ மறுப்பதற்கு எதையுமே மிச்சம் வைக்கவில்லை. எனக்கு அகிலாரைத்தான் பிடித்திருக்கிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. கேரளத்து மலம்புழா அணைத் தோட்டத்து யட்சி சிலையை நீ மறந்திருக்க மாட்டாய். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த கானாயி குஞ்ஞிராமன் 1969இல், மலைகளைப் பின்னால் விட்டு, ஏறத்தாழ 30 அடி உயரத்தில் ஆடையின்றி உட்கார வைத்த பெண். ஊரே எதிர்த்தது என்பார்கள். இன்றைக்குக் குடும்பம் குடும்பமாக அவள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்பத்தா அவளை அண்ணாந்து பார்த்துச் சொன்னது நமக்குள்ளேயே இருக்கட்டும்.

இனி உன் படங்களுக்கு வருகிறேன். சிவந்த மணற்பாறையில் குப்புறப் படுத்திருக்கும் படம் எனக்குப் பெருமையாக இருந்தது. முதுகில் சரளைக்கல் அழுந்திய தடங்கள்கூடத் தெரிகின்றன, வெயில் தெரிகிறது, நீ களைத்திருப்பது தெரிகிறது. ஆனால் உலர்ந்த ஓடையில் மல்லாந்து படுத்திருக்கும் படத்தில் நீ வயிற்றை எக்கிக்கொண்டிருக்கிறாய். விலா எலும்பின் கீழே விழும் அந்தப் பள்ளத்தைப் பெற்றவளிடம் மறைக்க முடியாது. பள்ளிக்கூடக் குழுப்படத்திலும் சித்தி கல்யாணத்திலும் அத்தை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட போதெல்லாமும் நீ அப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். கேட்க ஆளில்லாத பாலைவனத்திலும் அத்தைக்காக எதற்கு வயிற்றை எக்குகிறாய்? அகிலார் எக்கவில்லை. அந்தப் படத்தை மட்டும் மறுபடி எடு. மூச்சை விட்டுவிட்டு எடு.

அகிலார் 2018 ஏப்ரலில், 58 வயதில், நீரிழிவின் பின்விளைவுகளால் இறந்துபோனார். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது. அம்மாயியின் கால் விரலும் பெரிய மாமாவின் டயாலிசிஸும் உனக்குத் தெரிந்ததுதான். எனக்கு உன்னைச் சுமந்தபோதே சர்க்கரை வந்தது, அப்படிப் பிறந்த பிள்ளைக்குப் பின்னாளில் வர வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். உடம்பைக் குறை என்று நான் சொல்லவில்லை, ரத்தத்தைப் பார் என்கிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 6.5ஐத் தொட்டால் அது நீரிழிவு. காலை உணவைத் தவிர்க்காதே. உச்சி வெயிலில் படுக்காதே. அந்த உயரத்தில் வெயில் தோலைப் பொசுக்கும். பாறை இடுக்கில் கை விடாதே, வாலைக் கிலுக்கும் பாம்புகள் உள்ள ஊர். காலை உணவைத் தவிர்க்காதே என்று முன்னமே எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன்.

இன்னொன்று. அந்த ஓடைப் படத்தின் இடது மூலையில், மணல்மேல் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. தொப்பியும், கேமராவைப் பிடித்த முழங்கையும், தோளுக்கு முன்னால் தொங்கும் ஒற்றைப் பின்னலும். அதை வெட்டி எடுத்திருக்கலாம், நீ வெட்டவில்லை. மறந்துவிட்டாய் என்று முதலில் நினைத்தேன். கணுக்காலில் இருந்த ஒரு புல்லைக்கூடக் கணக்குப் பார்த்து வைத்திருப்பவள் இதை மறந்திருக்க மாட்டாள் என்று பிறகு தோன்றியது. அப்பாவும் அந்த மூலையில்தான் கண்ணாடியைத் துடைத்தார். அது யார் என்று நாங்கள் கேட்கவில்லை. உனக்கு வெயில் படாமல் அவர் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாம் என்பது மட்டும் என் குறை. நிழல் உன்மேல் விழுந்திருந்தால் உடம்பு சுட்டிருக்காது.

அடுத்த வாரத்துக்குள் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வந்ததும் தாளை அப்பாவின் வாட்ஸப்புக்கு அனுப்பு. ஆய்வகத்துக்குத் தனியாகப் போகாதே. பின்னல்காரியையும் கூட்டிக்கொண்டு போய் அவளுக்கும் ஒரு சோதனை எடுத்துவிடு. இரண்டு தாளையும் சேர்த்தே அனுப்பு.

அன்புடன்,
அம்மா