ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷனில் இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம் பயன்படுவது பற்றிச் சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'புற்றுநோய் பரவிய இடம் மட்டும் திரையில் ஒளிரும். அதை எடுத்துவிட்டால் போதும்' என்று ஒரு வரி. அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. அதே நோய்க்கு அண்ணனைப் பறிகொடுத்தவள் நான்.

அந்தச் சாயம் புற்றுநோயைக் காட்டாது, நிணநீர் ஓடும் வழியைத்தான் காட்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முதல் நாளே என்டோஸ்கோப்பி வழியாகக் கட்டியைச் சுற்றி ஊசி போடுகிறார்கள். சாயம் நிணநீரோடு போய்ப் பக்கத்து நிணநீர்க் கணுக்களில், அதாவது அந்த நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளில், தங்குகிறது. புற்றுநோய் பரவுவதும் இந்தக் கணுக்கள் வழியாகத்தான். அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும் கணுவும் தெரிகிறது. நோயே இல்லாத கணுவும் ஒளிரும். புற்றுநோய் முழுக்க அடைத்துக்கொண்ட கணுவோ, சாயம் உள்ளே புகாமல் இருட்டாகவே நின்றுவிடலாம். ஒளிர்வதை மட்டும் எடுத்தால் அது உள்ளேயே தங்கிவிடாதா? விதிப்படி எடுக்க வேண்டிய பகுதிகளை எடுத்தே ஆக வேண்டும். கண்ணுக்குத் தப்புவதைக் காட்டிக்கொடுக்கத்தான் சாயம்.

'புத்தம் புதிய கண்டுபிடிப்பு' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். இண்டோசயனின் கிரீனுக்கு அமெரிக்காவில் 1959-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. கல்லீரல், இதயப் பரிசோதனைக்கும், பிறகு கண் மருத்துவத்துக்கும் பயன்பட்ட சாயம்தான். புதியது கேமராவும் அதைக் கணு தேடப் பயன்படுத்துவதும். அதில் அயோடின் உண்டு, ஒவ்வாமை இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதைச் சொல்ல உங்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

சீனாவின் ஃபூஜோ நகரில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், சாயம் போட்டவர்களுக்குச் சராசரியாக 50.5 கணுக்கள் எடுத்தார்கள். போடாதவர்களுக்கு 42. என் நெஞ்சை அறுப்பது இந்த இரண்டாவது எண்தான். சாயமே இல்லாமல் 42! என் அண்ணனின் பயாப்சி ரிப்போர்ட்டில் இருந்தது 9. '0/9' என்பதைப் பேனாவால் வட்டமிட்டு, "எதிலும் பரவவில்லை, ஆரம்ப நிலைதான்" என்றார்கள். நாங்களும் கோயிலுக்குப் போய்வந்தோம். நோயின் நிலையை நம்பிச் சொல்லக் குறைந்தது 16 கணுக்களையாவது பரிசோதித்திருக்க வேண்டும் என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆபரேஷனில் எடுக்காமல் விட்டார்களா, எடுத்த கொழுப்புக்குள் லேபில் சரியாகத் தேடவில்லையா, இன்றுவரை தெரியாது. மறு வருஷமே நோய் திரும்பிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இதழில் முன்பு 'நெஞ்செரிச்சலுக்குச் சீரகத் தண்ணீர்' என்று ஒரு பகுதி வந்தது. மதினி அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். அண்ணனுக்குப் பசி குறைந்தது, உடம்பு இளைத்தது. அப்போதும் தண்ணீர்தான் காய்ந்துகொண்டிருந்தது. எடை குறைந்தால் என்டோஸ்கோப்பி பாருங்கள் என்று அந்தப் பகுதியில் ஒரு வரி இருந்ததா? அப்போதே கடிதம் போட்டேன். பதில் இல்லை, பிரசுரமும் இல்லை. உங்கள் பத்திரிகையில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும் வீடு எங்களுடையது. அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு வருத்தமும்.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே, ஆபரேஷன் முடிந்தவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளையும் கட்டம் கட்டிப் போடுங்கள்: எத்தனை கணுக்களைப் பரிசோதித்தீர்கள், அவற்றில் எத்தனையில் நோய் இருந்தது? சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் போட்டாலும் சரி, எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
திருநெல்வேலி