ஐந்தாம் படிவத்துப் பையனின் அம்மாவுக்கு

அன்புள்ள அக்கா,

கத்தோலிக்கக் குருவாகப் போகலாமா என்று யோசிப்பதாக உங்கள் மகன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். போன ஞாயிறு பூசை முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்: "தம்பி, நீங்கதான் அவன் மனசுல இதைப் போட்டீங்களா?" பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. "இல்லக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு சொல் போதாது என்று அன்றே தெரிந்தது. பெயர் போடாமல் பொதுவில் எழுதலாம் என்று நீங்கள் சம்மதித்ததால் இங்கே எழுதுகிறேன். பினாங்கில் இதே கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்க முடியாமல் இருக்கும் அம்மாக்கள் வேறு சிலரையும் எனக்குத் தெரியும்.

முதலில் சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் பையன்கள் குழுவில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்கு நேரமாகிறது என்று நீங்கள் அவனை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவீர்கள்.

பூசையில் குருவுக்கு உதவும் பீடப்பணிக்கான பயிற்சி அரை மணி நேரம். அப்புறம் ஃபுட்சல். வியர்வையோடு திரும்பி வந்ததும் எல்லாருடைய கைபேசியும் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போகும். கோயிலில் நற்கருணை அப்பத்தை வைத்திருக்கும் பேழைக்கு முன்னால் கால் மணி நேரம் பேசாமல் உட்கார வேண்டும். 13 வயதிலிருந்து 18 வயது வரை உள்ள பையன்கள் அக்கா, கால் மணி நேரம்! ஆரம்பத்தில் மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை. இப்போது மணி அடித்த பிறகும் இரண்டு மூன்று பேர் எழுந்திருப்பதில்லை. பெரியவர்கள் எப்போதும் இரண்டு பேர் இருப்போம். யாரும் எந்தப் பையனோடும் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதில்லை. இதை நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் ஒரு அம்மாவுக்குச் சொல்லியாக வேண்டிய விஷயம் இது.

கடைசியில் நோட்டுப் புத்தகம். இந்த வாரம் எப்போது மனசு நிறைந்திருந்தது, எப்போது காய்ந்துபோனது, அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுதுவார்கள். இது இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரிடமிருந்து வந்த வழக்கம். 1521-இல் பாம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் உடைந்தது. மாதக்கணக்கில் படுக்கை. படுத்தபடியே இரண்டு விதமாகக் கனவு கண்டார். பெரிய வீரனாகி ஒரு சீமாட்டியின் மனதில் இடம்பிடிப்பது ஒன்று. புனித பிரான்சிஸ் போல, புனித தோமினிக் போல வாழ்ந்து பார்ப்பது இன்னொன்று. நினைக்கும்போது இரண்டும் இனித்தன. நினைத்து முடித்த பிறகு முதல் கனவு மனசை வறட்சியாக விட்டுப்போனது, இரண்டாவது கனவின் சந்தோஷம் அப்படியே தங்கியது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் தேர்ந்து தெளிதல் என்று நாம் சொல்லும் முறையை அவர் வகுத்தார். அழைத்தல், அதாவது கடவுள் ஒருவரை ஒரு வாழ்வுக்குக் கூப்பிடுவது, என்றால் வானத்திலிருந்து குரல் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு வரும் பையன்களுக்கு இந்தக் கதை பெரிய ஆறுதல்.

உங்கள் மகன் அந்த நோட்டில் என்ன எழுதுகிறான் என்று எனக்குத் தெரியாது. யாருடைய நோட்டையும் நாங்கள் வாங்கிப் படிப்பதில்லை.

இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு 15 வயது இருக்கும்போது கோயிலில் நடந்த ஒரு தியானக் கூட்டத்தில், கடைசி நாள் இரவு, விளக்கையெல்லாம் அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றி, பாட்டும் அழுகையுமாக இருந்த நேரத்தில், போதகர் கேட்டார்: "இயேசுவுக்காகக் குருவாகப் போகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்!" நாங்கள் ஏழு பேர் எழுந்தோம். அடுத்த ஞாயிறு எங்கள் பெயரைக் கோயிலில் வாசித்தார்கள். அப்போதிருந்து தெருவில் எங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "குட்டிச் சாமியார்" என்றார்கள். அந்த ஏழு பேரில் ஒருவன் என் நெருங்கிய நண்பன். பக்கத்தில் நின்றவன் எழுந்ததால் எழுந்தவன். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டான். இன்றும் அவனை நினைத்தால் மனசு வலிக்கிறது. அதனால் எங்கள் குழுவில் யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. நல்லாயன் ஞாயிறன்று உலகம் முழுவதும் இறையழைத்தலுக்காக ஜெபிக்கிறோம், நாங்களும் ஜெபிக்கிறோம், அன்றுகூட யாரையும் விரல் நீட்டிக் கேட்பதில்லை.

திருச்சபையின் சட்டமும் இதையே சொல்கிறது. 1983-இல் வெளிவந்த சட்டத் தொகுப்பில் 1026-ஆம் எண். குருத்துவம் பெறுகிறவருக்கு முழு சுதந்திரம் இருக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் எந்த வழியிலும் ஒருவரைக் கட்டாயப்படுத்தவே கூடாது என்கிறது. அதே எண், அதே மூச்சில், தகுதியுள்ள ஒருவரைத் தடுத்துத் திருப்பிவிடுவதும் கூடாது என்கிறது. முதல் பாதி எனக்கு என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டாம் பாதியை நீங்கள் மெதுவாக யோசித்துப் பாருங்கள் அக்கா, அவசரம் இல்லை.

அவசரம் இல்லை என்று சும்மா சொல்லவில்லை. 25 வயது நிறையாமல் யாருக்கும் குருப்பட்டம் கொடுப்பதில்லை. தத்துவம் முழுதாக இரண்டு வருடம், இறையியல் முழுதாக நாலு வருடம், அதற்கு முன்னால் தயாரிப்புக் காலம், நடுவில் பங்குகளில் வேலை. உடல்நலம், மனநலம் எல்லாம் பார்ப்பார்கள். எந்தக் கட்டத்திலும் அவன் வெளியே வரலாம், அவர்களும் "இது உனக்கான வழி இல்லை" என்று சொல்லலாம். கடைசியில் பட்டமளிப்பு அன்றுகூட ஆயர் கேட்பார், இவர் தகுதியானவர் என்று தெரியுமா என்று. இறைமக்களிடம் விசாரித்த பிறகே அதற்குப் பதில் சொல்ல முடியும். அந்த மக்களில் நீங்களும் ஒருவர்.

நானும் 20 வயதில் ஒரு துறவற சபையில் சேர்ந்து ஒன்றரை வருடம் இருந்துவிட்டு வந்தவன். திரும்பி வந்தபோது சொந்தக்காரர் ஒருவர் "சாமிக்கு நேர்ந்ததைத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்துட்டான்" என்றார். ரொம்ப நாள் அது முள்ளாகக் குத்தியது. ஆனால் அங்கே இருந்த ஒரு நாளும் வீணாகவில்லை. உங்கள் மகன் போய்த் திரும்பி வந்தால் அப்படி யாரும் அவனிடம் பேசாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். அவன் உங்களிடம் இதைச் சொன்னது அப்பாவின் இரண்டாம் வருட நினைவுத் திருப்பலி முடிந்த இரவு. இது அழைத்தலா, துக்கமா என்று நீங்கள் சந்தேகப்படுவது நியாயம். எனக்கும் தெரியாது. அவனுக்கும் இன்னும் தெரியாது. மனசு இருண்டு கிடக்கும் நேரத்தில் எந்தப் பெரிய மாற்றமும் செய்யாதே என்பது இஞ்ஞாசியாரின் விதிகளில் ஒன்று. அதைத்தான் அவனிடம் சொன்னேன். பள்ளி இறுதித் தேர்வு எஸ்.பி.எம். எழுது, அதற்கு மேலும் படி, வேலை பார்த்துப் பார், நோட்டை நிறுத்தாதே என்றேன். சாமுவேல் சிறுவனாக இருந்தபோது இரவில் குரல் கேட்டு ஏலியிடம் ஓடினான் அல்லவா? ஏலி இரண்டு தடவை "நான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள்" என்றார். மூன்றாம் தடவைதான் அவருக்கே புரிந்தது. அவனை இப்போதைக்குப் போய்ப் படுக்கச் சொல்லியிருக்கிறேன். உண்மையாக ஆண்டவர் கூப்பிட்டால் மறுபடியும் கூப்பிடுவார்.

"என்னை யாரு பாத்துக்குவா" என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது. ஆயரின் கீழ் பங்குகளில் வேலை பார்க்கும் மறைமாவட்டக் குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை, அது துறவற சபைகளில். அவர்களுக்கு மாதப் படி உண்டு. அம்மாவைப் பார்க்க வரலாம், கவனித்துக்கொள்ளலாம். குருவாகப் படிக்கும் இடமான காலேஜ் ஜெனரல் குருமடமும் கண்காணாத தூரத்தில் இல்லை. 1665-இல் சயாமில், இன்றைய தாய்லாந்தில், அயூத்தியாவில் தொடங்கியது, 1808-இல் நம் தீவுக்கு வந்தது, இன்று தஞ்சோங் பூங்காவில் இருக்கிறது. மறைந்த கர்தினால் சோட்டர் பெர்னாண்டஸ், சுங்கை பட்டாணிக்காரர், முதலில் ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்டாக வேலை பார்த்தார். 1966-இல் குருவானபோது அவருக்கு 34 வயது. பிறகு பினாங்கு ஆயர், கோலாலம்பூர் பேராயர், 2016-இல் மலேசியாவின் முதல் கர்தினால். தாமதமாகப் போனதால் அவர் எதையும் இழக்கவில்லை.

குருத்துவம் மட்டும்தான் அழைத்தல் என்றும் அவன் நினைக்கவில்லை. ஒருநாள் பையன்களை கர்னி பேரகான் பேரங்காடிக்குக் கூட்டிப்போனேன். நடுவில் நிற்கும் பழைய கட்டடத்தைக் காட்டி, இது லசால் சகோதரர்கள் என்ற துறவிகளின் நவதுறவு இல்லமாக, புதிதாகச் சேர்கிறவர்கள் பயிற்சி பெறும் வீடாக, இருந்தது என்றதும் ஒருவராலும் நம்ப முடியவில்லை. எத்தனை தடவை அங்கே போயிருக்கிறார்கள்! குருவாகாமலேயே பள்ளிக்கூடத்துக்கென்று வாழ்நாளைக் கொடுத்த மனிதர்கள் உருவான இடம் அது. உங்கள் மகன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "அண்ணே, வாத்தியாரா இருக்கிறதும் இதுதானே?" என்று கேட்டான். "இருக்கலாம்" என்றேன்.

நீங்கள் வருடா வருடம் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிறவர். சாமுவேலின் அம்மா பெயரும் அன்னாதான். அவள் மகனை நேர்ந்துவிட்டாள், உங்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் வருடம் ஒருமுறை அவனுக்கு ஒரு சின்ன அங்கி தைத்து எடுத்துக்கொண்டு போவாள் என்று வேதாகமத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்தப் பையன் எந்த வருடமும் அம்மா இல்லாமல் வளரவில்லை.

அன்று இரவு அவன் பேச ஆரம்பித்ததும் நீங்கள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டீர்களாம். பாதிதான் சொன்னேன் என்றான். மீதியை அவனிடம் கேளுங்கள் அக்கா. பதில் எதுவும் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்.

வரும் சனிக்கிழமை உங்களுக்கு ஷிஃப்ட் இல்லை என்று அவன் சொன்னான். இறக்கிவிட்டுப் போய்விடாதீர்கள், உள்ளே வந்து பின்வரிசையில் உட்காருங்கள். என் மனைவி தேநீர் போடுவாள்.

அன்புடன்,
உங்கள் தம்பி