நனைந்த லேப்டாப்பும் காணாமல் போன 36 ஜிபியும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மும்பை சயான் கோலிவாடாவில் இருபது வருஷத்துக்கு மேலாக இந்த லேப்டாப் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை நான் உங்களுக்கு எழுதியதெல்லாம் பில்லும், "ரெடி, வந்து வாங்கிக்கோங்க" என்ற மெசேஜும்தான். மடல் எழுதுகிற ஆள் இல்லை நான். ஆனால் போன வாரம் ஒரு சொசைட்டி வாட்ஸப் குழுவில் கிளம்பிய பேச்சு அங்கிருந்து ஆன்டாப் ஹில், தாராவி, செம்பூர் என்று சுற்றி, கடைசியில் என் மச்சினன் போனிலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது. "லேப்டாப்பை ரிப்பேர் பண்ணத் தெரியாமல் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டான், 512 ஜிபியிலே 36 ஜிபியை உருவிட்டான்." கடைப் பெயர் போடவில்லை, ஆனால் "கோலிவாடாவில் நம்ம தமிழ்க் கடை" என்றால் வேறு யார்?

சொன்னவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். அவர் நம் வாடிக்கையாளர், அவர் மகள் கல்யாணத்தில் நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன். கோபத்தில் சொல்லிவிட்டார், சரி. ஆனால் நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

காந்தி மார்க்கெட் பக்கம் மழைக்குத் தண்ணீர் நிற்பது நமக்குப் புதிதில்லை. அன்றைக்கு அங்கே முட்டிக்கு மேல் தண்ணீர். அவர் பைக் சாய்ந்து, லேப்டாப் இருந்த பை தண்ணீருக்குள் விழுந்து, எடுக்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கிறது. வீட்டுக்குப் போய்த் துடைத்து, யாரோ சொன்னார்கள் என்று அரிசி மூட்டைக்குள் இரண்டு நாள் வைத்து, நடுவில் நடுவில் எடுத்து பவர் பட்டனை அழுத்திப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் சார்ஜரையும் சொருகினார். ஒரு சின்ன வெளிச்சம், லேசாகக் கருகிய வாசனை. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தது.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசி சோற்றுக்கு நல்லது. லேப்டாப்பின் மூடிக்குள், சிப்புக்கு அடியில் புகுந்த தண்ணீரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. லேப்டாப் அணைந்திருந்தாலும் உள்ளே பேட்டரி மாட்டித்தான் இருக்கிறது, மதர்போர்டில் சில இடங்களில் கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் செம்பு அரிக்கும், பாசி மாதிரி பச்சையாகப் பூக்கும். அதுவும் நம்ம ஊர் தெருத் தண்ணீர், சாக்கடையும் உப்பும் கலந்தது. இரண்டு நாள் அரிசிக்குள் இருந்த அந்த நேரம் அரிப்புக்குத்தான் உதவியது.

அவர் முன்னாலேயே பின்மூடியைத் திறந்தேன். முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்றினேன். கீபோர்டுக்கு அடியில் இன்னும் ஈரம், சார்ஜிங் பகுதியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி, ரேம் சொருகும் இடத்தில் இரண்டு பின் கறுத்துப்போயிருந்தது. மல்டிமீட்டரை வைத்ததும் மெயின் லைனில் பீப், அதாவது ஷார்ட். அவர் காதிலும் விழுந்தது. போர்டை வெளியே எடுத்து ஐபிஏ என்கிற ஆல்கஹால் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து, அதிர்வால் அழுக்கெடுக்கும் அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டு, காயவைத்து, மறுபடி அளந்தால் சார்ஜிங் பக்கம் ஒரு கெபாசிட்டர் ஷார்ட். கடுகைவிடச் சின்னது, சில ரூபாய் சாமான். அதைப் பிடுங்கியதும் அந்த லைன் சரியாகிவிட்டது. எனக்கே சந்தோஷம், இன்றைக்கு ஒன்று பிழைத்தது என்று. அப்புறம் பெஞ்ச் சப்ளையில் கரண்ட் கொடுத்தால் இரண்டு நொடியில் பிராசஸர் பக்கம் விரல் வைக்க முடியாத சூடு. அது 7-ஆம் தலைமுறை கோர் ஐ5, யூ வகை. அந்த வகையில் பிராசஸரும் சிப்செட்டும் ஒரே துண்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், ஒன்று போனால் இன்னொன்றை மட்டும் காப்பாற்ற வழியில்லை. போர்டையே மாற்ற வேண்டும்.

சரி, மாற்றலாமா? தாதரில் வண்டி மாறி கிராண்ட் ரோடு இறங்கி, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் லேமிங்டன் ரோட்டில் இரண்டு மணி நேரம் விசாரித்தேன். கழற்றிய பழைய போர்டு 8,500 சொன்னார்கள், கேரண்டி கிடையாது. கீபோர்டு 1,200. ஸ்கிரீனுக்குள் தண்ணீர்க் கறை ஏறியிருந்தது, அது ஒரு 4,000. என் கூலியைச் சேர்க்காமலே 13,700. அதே மாடல் ஓடுகிற நிலையில் பழைய மார்க்கெட்டில் 14,000க்குள் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11க்கு இந்த 7-ஆம் தலைமுறை பிராசஸர் அவர்கள் பட்டியலிலேயே இல்லை. இவ்வளவையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் "வேண்டாம் அண்ணாச்சி, இதில் பணத்தைப் போடாதீங்க" என்றேன். எனக்கு ஆசை இருந்தால் 16,000 வாங்கிக்கொண்டு போர்டை மாட்டிக் கொடுத்திருக்க மாட்டேனா? மூன்று மாதம் ஓடியிருக்கும், எனக்கும் லாபம். ரிப்பேர் பண்ணத் தெரியவில்லை என்ற பேரும் வந்திருக்காது.

இப்போது அந்த 36 ஜிபி. இதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் லேப்டாப்பிலிருந்த எஸ்எஸ்டி, அதாவது போட்டோ, ஃபைல் எல்லாம் சேமிக்கிற பாகம், தப்பித்துவிட்டது. அதைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு, போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் திறக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லித்தான் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் மருமகன் லேப்டாப்பில் சொருகியிருக்கிறார்கள். 476 ஜிபி என்று காட்டியிருக்கிறது. அட்டைப் பெட்டியில் 512. கழித்தால் 36. திருடன் யார்? கடைக்காரன்!

ஐயா, உங்கள் எல்லோர் வீட்டிலும் 512 ஜிபி போட்ட விண்டோஸ் லேப்டாப் இருந்தால் இப்போதே திறந்து பாருங்கள், 476 பக்கம்தான் காட்டும். எஸ்எஸ்டி செய்கிற கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, 100 கோடி பைட் ஒரு ஜிபி. அப்படி எண்ணினால் 512 ஜிபி என்பது 51,200 கோடி பைட். விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணுகிறது, அதன் கணக்கில் ஒரு ஜிபிக்கு 107 கோடிக்கு மேல் பைட். 51,200 கோடியை அதால் வகுத்துப் பாருங்கள், 476 சொச்சம் வரும். நகைக்கடையில் 80 கிராம் என்று பில் போட்ட நகையை வீட்டில் பாட்டி பவுனில் எண்ணி 10 என்று சொன்னால், மீதி 70ஐத் தட்டான் தின்றுவிட்டானா? அதே நகை, அளவுதான் வேறு. எஸ்எஸ்டியிலிருந்து 36 ஜிபியை மட்டும் கத்தரித்து எடுக்கிற வித்தை எனக்குத் தெரிந்தால் நான் ஏன் கோலிவாடாவில் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்?

ரேம் பற்றியும் ஒரு முணுமுணுப்பு வந்ததாகக் கேள்வி. இரண்டு 4 ஜிபி குச்சி இருந்தது, இரண்டையும் கவரில் போட்டுக் கொடுத்தேன், பில்லின் பின்பக்கம் அவர் கையெழுத்து இருக்கிறது. சந்தேகம் வருவது எனக்குப் புரிகிறது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப் எல்லாம் போய்ச் சேருவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தலைகால் தெரியாமல் ஏறிவிட்டது. மைக்ரான் கம்பெனி சில்லறைக்கு விற்றுவந்த குருஷியல் வியாபாரத்தையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. முன்பு டிராயரில் சும்மா கிடந்த பழைய ரேம் குச்சியை இன்றைக்கு நான் பூட்டி வைக்கிறேன். இதே காரணத்தால்தான் எங்கள் தீர்ப்பும் கஷ்டமாகிவிட்டது. முன்பெல்லாம் "புதுசு வாங்கிடுங்க" என்று சொல்வது ஒரு நிமிஷ வேலை. இப்போது புதிதும் விலை ஏறியிருப்பதால், நான்கு வருஷப் பழைய லேப்டாப்பைக்கூட உயிர் கொடுத்துப் பார்க்கலாமே என்று எனக்கே தோன்றுகிறது.

தோற்றத்தை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. போன மாதம் ஆன்டாப் ஹில்லிலிருந்து ஒரு காலேஜ் பையன் வந்தான், லோக்கல் ரயில் நெரிசலில் அவன் லேப்டாப் மிதிபட்டது. ஸ்கிரீன் சிலந்தி வலை, ஸ்கிரீனைப் பிடிக்கும் ஹிஞ்ச் பிய்ந்து தொங்குகிறது, ஒரு மூலை நசுங்கிவிட்டது. அவன் அம்மா அழாத குறை. வெளி மானிட்டரில் போட்டதும் விண்டோஸ் ஜம்மென்று வந்தது. ஸ்கிரீனும் ஹிஞ்ச்சும் மாற்றி 6,500க்கு முடிந்துவிட்டது. அதற்கு நேர்மாறாக, ஒரு கட்டிங் சாய் சிந்தி, வெளியே ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று வருகிற லேப்டாப் உள்ளே பாலும் சர்க்கரையும் ஒட்டி நாசமாகியிருக்கும்.

ரிப்பேருக்கு ஆகும் செலவு அந்தச் சாமானின் இன்றைய பழைய விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாம் என்பது என் கணக்கு. ஆனால் மாட்டுங்கா மாமி ஒருவர் விஷயத்தில் அதை நானே மீறினேன். அவருடைய மேக்புக்கில் படங்களைச் சேமிக்கும் சிப் போர்டோடு ஒட்டியது, பூட்டும் போட்டது, போர்டு உயிர் பெறாமல் ஒரு போட்டோவையும் எடுக்க முடியாது. மாமா கடைசியாக இருந்த வருஷத்துப் படங்கள் அதில் மட்டும்தான். 14,000 செலவு செய்து ஒரு நாள் ஓட வைத்தோம், படங்களைக் காப்பி எடுத்தோம், மூடிவிட்டோம். அந்தப் பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். விண்டோஸ் வைத்திருப்பவர்களும், அதன் பூட்டான பிட்லாக்கரைத் திறக்கும் ரெகவரி கீ எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். இல்லையென்றால் எஸ்எஸ்டியை நான் கழற்றிக் கொடுத்தாலும் அது திறக்காது, அதற்கும் என்னைத்தான் திட்டுவீர்கள்.

இன்னொரு விஷயம். சிப் லெவல் வேலை பார்த்துக்கொண்டிருந்த நம்ம தம்பி வளைகுடாவுக்குப் போய்விட்டான். நல்ல சம்பளம், நான் தடுக்கவில்லை. மைக்ராஸ்கோப் முன்னால் இப்போது நான்தான், என் கண்ணுக்கு 52 வயது. அதனால் போர்டு வேலை என்றால் மூன்று நாள் என்பது ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அப்புறம், ஆகஸ்ட் 1 முதல் திறந்து பார்க்கும் கட்டணம் 300லிருந்து 600, ரிப்பேர் செய்யாவிட்டாலும் அது திரும்ப வராது, தண்ணீர் பட்ட போர்டுக்கு கேரண்டி 30 நாள்.

2005 ஜூலை 26 நினைவிருக்கிறதா? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. அப்போது நான் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்துகொண்டிருந்தேன், கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். நான் தாதரில் மாட்டிக்கொண்டேன், போன் வேலை செய்யவில்லை. மறுநாள் நடந்தே வந்து பார்த்தால், எதிரே சாலில் (வரிசை வீடுகளில்) இருந்த பிள்ளைகள் ஷட்டரைத் தூக்கி, உங்கள் சிபியு, மானிட்டர் எல்லாவற்றையும் மேல்மாடி வராந்தாவில் ஒவ்வொன்றாகப் பெயர் எழுதி அடுக்கி வைத்திருந்தார்கள். பாதி பேர் என்னிடம் ஒரு ரூபாய் வேலைகூடக் கொடுக்காதவர்கள். அவர்களில் பலர் இன்று தங்கள் பிள்ளைகளின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இந்த வாரமும் "அண்ணே, அதையெல்லாம் நாங்க நம்பலை" என்று சொல்லிவிட்டுப் போக மட்டும் கடைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மழை இன்னும் முடியவில்லை. நனைந்தால் பவர் பட்டனைத் தொடாதீர்கள், சார்ஜர் சொருகாதீர்கள், அன்றைக்கே கொண்டுவாருங்கள், சார்ஜரையும் சேர்த்து. நான் திறக்கும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ரேம், எஸ்எஸ்டி நம்பரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பழைய வாடிக்கையாளர் என்பதால் நின்று பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

அந்த அண்ணாச்சிக்கும் ஒரு வார்த்தை. எஸ்எஸ்டியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வாருங்கள், கடையில் இருக்கிற புத்தம் புது 512ஐ உங்கள் கையாலேயே சீல் பிரித்து, சொருகிப் பார்க்கலாம். சாய்க்கு நான் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கோலிவாடா கடைக்காரன்

(ஞாயிறு கடை மதியம் வரை மட்டும். மேல் தட்டில் போன தீபாவளிக்கு வந்த மூன்று லேப்டாப் இன்னும் தூங்குகிறது, யாருடையது என்று உங்களுக்கே தெரியும்.)