ஆலிவ் கொட்டை முளைத்த கதை

பிக்கானேர்,
டிசம்பர் 20

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. மதினிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

முப்பது ஆலிவ் கொட்டை போட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். கடையில் வாங்கிய பாட்டில் காய்தானே? உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறியது அது. கசப்பு போகக் காஸ்டிக் சோடா கரைத்த நீரில் ஊறவைப்பதும் உண்டு. அந்தப் பருப்பில் உயிர் எப்படி இருக்கும்? உன் கை மேல் குற்றமில்லை.

இங்கே ராஜஸ்தானில், லூண்கரண்சர் ஊர்ப் பக்கம், 2014-ல் ஆலிவ் எண்ணெய் ஆலை திறந்தார்களே, அங்கே ஒரு தோட்டக்காரர் போன வருடம் எனக்கு ஒரு கை பழுத்த காய் கொடுத்தார். சதையை மணலில் தேய்த்து எடுத்தேன். கொட்டை கல் மாதிரி. பருப்பில் படாமல் நுனியை மட்டும் குறட்டால் நறுக்கி, ஒரு நாள் ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றினேன். வெயில் காலம் முழுக்க அசைவே இல்லை. நவம்பரில் இரவுக் குளிர் 15 டிகிரிக்கு வந்த பிறகுதான் முதல் முளை எட்டிப் பார்த்தது. நாற்பதில் ஒன்பது. அன்று காலை நான் பட்ட சந்தோஷத்தைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

விதைக்கன்று தாய்மரத்தின் குணத்தோடு வராது. காய்க்கப் பத்து வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதனால்தான் தோட்டங்களில் போத்து, அதாவது கிளைத்துண்டு, வைத்தோ ஒட்டுக்கட்டியோ வளர்க்கிறார்கள். இங்கே நட்ட பார்னியா, அர்பெக்வினா ரகங்கள் எல்லாம் இஸ்ரேலிலிருந்து கன்றாகவே வந்தவை.

ஜெருசலேமில் வளர்வது நம் கோவில்பட்டியில் ஏன் வளராது, வெயிலும் வறட்சியும் ஒன்றுதானே என்று கேட்டாய். வளரும். ஆனால் பூக்க வேண்டுமானால் அதற்குக் குளிர்காலம் வேண்டும். ஜனவரியில் இங்கே இரவு ஐந்து டிகிரிக்கு இறங்குகிறது. ஊரில் மார்கழிப் பனிகூட அதற்குப் போதாது. கரிசல் மண்ணும் ஐப்பசி மழையில் நீர் கோத்துக்கொள்ளும், வேர் அழுகிவிடும். எண்ணெய்க் கனவை விட்டுவிடு. இதை உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை.

மரம் வேண்டுமென்றால் வை. காற்றில் இலை புரளும்போது அடிப்பக்கம் வெள்ளியாக மின்னுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஜனவரிக் கடைசியில் மதுரை ரயிலில் வருகிறேன். இரண்டு கன்று கொண்டுவருகிறேன். கிணற்று மேட்டில், தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்துக் குழி எடுத்து வை. மண்ணில் சரிபாதி ஆற்றுமணல் கலந்துவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்