தட்டில் செத்த பூஞ்சை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செடிக்குள் வாழும் பூஞ்சைகள் சுரப்பது தோல் பூஞ்சையைக் கொல்வதைப் பற்றிச் சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, கடைசி வரி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. "இலையை அரைத்துப் பூசினால் படர்தாமரை பறந்துவிடும்" என்று முடித்திருக்கிறார். பூசிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரா?

உங்களுக்குத் தெரியாததல்ல. எண்டோபைட் என்கிற அந்தப் பூஞ்சையை இலையிலிருந்து பிரித்து, தனியாக வளர்த்து, அது சுரப்பதை வடித்தெடுத்த பிறகுதான், ஆய்வகத் தட்டில் வளரும் தோல் பூஞ்சைகள் மேல் சோதிக்கிறார்கள். படர்தாமரையை உண்டாக்கும் டிரைக்கோபைட்டான் பூஞ்சையைத் தடுக்கும் கிரிப்டோகாண்டின் என்ற பொருளை 1999-இல் அப்படித்தான் அறிவித்தார்கள். அதைச் சுரந்த பூஞ்சை குடியிருந்த டிரிப்டெரிஜியம் கொடியோ விஷக் கொடி. அதையும் அரைக்கச் சொல்வாரோ? ஆய்வகத் தட்டில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாலும் பூஞ்சை சாகும்.

டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்கே அடங்காத படர்தாமரை பரவுகிற காலம் இது. புது மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1939-இல் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து பிரித்த கிரிசியோஃபல்வின், படர்தாமரைக்கு மாத்திரையாக வர 1950களின் கடைசி ஆனது. உங்கள் கட்டுரையாளருக்கு ஒரு பத்தி போதுமாக இருந்திருக்கிறது.

இந்த இயற்கை வைத்தியத்தை நானும் அனுபவித்தவள். இடுப்பில் வட்டமாக வந்தபோது உறவுக்காரர் ஒருவர் அரைத்துக் கொண்டுவந்த விழுதால் தோல் வெந்து கொப்புளம் போட்டது. அப்புறம் போன மருத்துவர், இடத்தைக்கூடப் பார்க்காமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பை எழுதித் தந்தார். அரிப்பு அடங்கியது, செதில் உதிர்ந்தது, சிவந்த விளிம்பும் மங்கியது. களிம்பு தீர்ந்ததும் அடிவயிறு வரை படர்ந்தது. அப்படிப்பட்ட களிம்புக்குத்தான் உங்கள் பின்னட்டையில் முழுப்பக்க விளம்பரம்! பரவாயில்லை, பத்திரிகை நடத்தப் பணம் வேண்டுமே.

இதை முன்பே எழுதினேன். பாராட்டிய முதல் வரியை மட்டும் பிரசுரித்து, மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். பக்கப் பற்றாக்குறை போலும். அதே இதழில் ராசிபலனுக்கு நான்கு பக்கம் இருந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "அந்தச் சோதனை தட்டில் நடந்தது, தோலில் அல்ல, இலையை அரைத்துப் பூச வேண்டாம்" என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அரிப்பு நின்றாலும் மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும் பூஞ்சை மருந்தை நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தால் நல்லது, விளம்பரங்களுக்கு நடுவே இடமிருந்தால்.

இப்படிக்கு,
இன்னும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் வாசகி