வேலை தரும்போதே ஒரு கடிதமும் தாருங்கள்

மட்டக்களப்பு வர்த்தகர்களுக்கும் தனியார் நிறுவன முகாமையாளர்களுக்கும்,

வணக்கம். "ஆள் கிடைக்குதில்லை, படித்த பிள்ளைகள் எல்லாம் அரசாங்க வேலைக்கே காத்துக் கிடக்குதுகள்" என்று நீங்கள் சொல்வதைக் கல்யாண வீடுகளில்கூடக் கேட்கிறேன். ஏன் காத்துக் கிடக்கிறார்கள் என்பதை என் அக்காவின் மகளை வைத்துச் சொல்கிறேன்.

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவள். நகரத்தில் ஒரு கடைக் கண்ணாடியில் "கணக்கு வேலைக்குப் பெண்பிள்ளை தேவை, 2 வருட அனுபவம்" என்று ஒட்டியிருந்த தாளைப் பார்த்துப் போனாள். அனுபவம் இல்லை என்றதும், "மூன்று மாதம் பழகுங்க, பிறகு பார்ப்பம்" என்றார்கள். சம்பளம் இல்லை, பஸ் காசு மட்டும். காலை 8 மணிக்குப் போய், இரவு 7 மணிக்கு அன்றைய பில்களை ரப்பர் பட்டி போட்டுக் கட்டி வைத்துவிட்டுச் செங்கலடி பஸ்ஸுக்கு ஓடுவாள். மூன்றாம் மாதம் முடிந்த கையோடு, "இப்ப ஆள் தேவையில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த கிழமை அதே கண்ணாடியில் அதே தாள். அங்கே வேலை செய்தாள் என்பதற்கு ஒரு துண்டுக் கடிதம்கூட அவளிடம் இல்லை. அடுத்த கடையிலும் அனுபவம்தான் கேட்டார்கள்.

பழகும் காலம் என்றாலும் முதல் நாளிலிருந்தே ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி (EPF) கட்டவேண்டும்: ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) நீங்கள் இன்னும் 3 வீதம். இது உங்களுக்குத் தெரியாததல்ல. சம்பளமே கொடுக்காவிட்டால் இதெல்லாம் எங்கே வரப்போகிறது?

2017இல் காந்தி பூங்காவில் பட்டதாரிகள் அரசாங்க வேலை கேட்டு மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தபோது, "தனியார் துறைக்குப் போகலாமே" என்று பலரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

அக்காவின் மகள் வேலை தேடுவதையே விட்டுவிட்டாள். கடந்த 4 கிழமைக்குள் வேலை தேடியவர்களைத்தான் அரச புள்ளிவிபரம் வேலையற்றோர் என்று எண்ணுகிறது. ஆகவே அந்தக் கணக்கிலும் அவள் இல்லை.

புதிதாக வருபவரிடம் 2 வருட அனுபவம் கேட்காதீர்கள். பழகும் மாதங்களுக்கும் சம்பளம் கொடுங்கள். சேரும் நாளிலேயே நியமனக் கடிதம் கொடுங்கள். ஒத்துவராமல் அனுப்புவதென்றாலும், இத்தனை மாதம் இந்த வேலை செய்தார் என்று எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுங்கள். இவளுக்கு அந்த ஒரு தாள் கிடைத்திருந்தால், அடுத்த கடைப் படி ஏறியிருப்பாள்.

இப்படிக்கு,
செங்கலடியிலிருந்து ஒரு சின்னம்மா