மணிவிழா மலருக்கு நான் எழுதாத பக்கம்

அன்புள்ள சேர்,

மலர்க்குழுவில் இருந்து மூன்று தரம் அழைத்தார்கள். "சேரின்ர பாடத்தில ஏ எடுத்த பிள்ளை நீங்கள், ஒரு பக்கமாவது தாங்கோ" என்றார்கள். மூன்று தரமும் ஓம் என்றேன். நேற்று இரவு ஏலாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள், நேரமில்லை என்றேன். அது பொய். உங்களுக்காவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுதத் தொடங்கினேன், சேர். ஒவ்வொரு தரமும் முதல் பந்தி நன்றாகவே வந்தது. இரண்டாம் பந்தியில் அந்தப் பாடவேளை வந்து குந்திவிடும். அதை விட்டுவிட்டு எழுதினால் நான் எழுதுவது வாழ்த்துப்பா. அதையும் சேர்த்து எழுதினால், மண்டபத்தில் உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கும்போது உங்களைக் கூண்டில் ஏற்றியது போலாகும். இங்கேயும் பலர் வாசிப்பார்கள் என்று தெரியும். அன்று எழும்பிக் கேள்வி கேட்ட என் வகுப்புத் தோழியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. என்ர பேர், ஊர், தம்பிக்கு என்ன நடந்தது எண்டது மட்டும் வேண்டாம்" என்றாள். ஆகவே அவை இங்கே இல்லை. தெரிந்த வகுப்புத் தோழிகளும் தயவுசெய்து வெளியில் சொல்ல வேண்டாம்.

தரம் 13. இடைவேளை முடிந்த பாடவேளை. கரும்பலகையின் இடப்பக்கத்தில் சைவ சித்தாந்தத்தின் பதி, பசு, பாசம்: இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை. பாசத்துக்குக் கீழே ஆணவம், கன்மம், மாயை. கன்மத்துக்குக் கீழே சஞ்சிதம், பிராரத்துவம், ஆகாமியம்: சேர்ந்து கிடக்கும் வினை, இப்பிறவியில் நுகரும் வினை, இனி ஏறும் வினை. வில்லை விட்டுப் போன அம்பைத் திருப்ப ஏலாது, அதுதான் பிராரத்துவம் என்று சொல்லி, வெண்கட்டியால் ஓர் அம்பும் கீறினீர்கள். அவள் தன் தம்பியின் அந்தியேட்டி, அதாவது 31ஆம் நாள் கிரியை, முடிந்து பள்ளிக்கூடம் வந்த முதல் கிழமை அது. மூன்றாம் வாங்கில் இருந்து எழும்பினாள்.

"சேர், ஆறாம் வகுப்பில இருந்து சைவநெறியில படிக்கிறம். அப்பூதியடிகளின்ர மகனைப் பாம்பு கடிச்சது, அப்பர் பாடினார், எழும்பி வந்தான். மயிலாப்பூரில சம்பந்தர் பாடினார், பூம்பாவை சாம்பலில இருந்து வந்தாள். அவிநாசியில சுந்தரர் பாடினார், முதலை விழுங்கின பிள்ளையும் வந்தது. சிறுத்தொண்டர் கூப்பிட்டார், சீராளன் ஓடி வந்தான். திரும்பி வராத பிள்ளையளைப் பற்றி எந்தப் பாட்டில சேர் இருக்கு?"

ஓ.எல். என்கிற சாதாரணதரம் வரைக்கும் சமயபாடம் எல்லாருக்கும் கட்டாயம். அந்த நான்கு கதைகளையும் நாங்கள் அத்தனை பேரும் பாடமாக்கியிருந்தோம். நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்கள் எவருக்கும் தோன்றியதில்லை. அவளுக்குத் தோன்றியது, ஏனென்றால் அந்த ஒரு மாதம் முழுவதும் அவள் காத்திருந்திருக்கிறாள்.

வகுப்பில் சத்தமில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்தீர்கள் என்றுதான் 19 வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பார்க்காமலும் இருந்திருக்கலாம். நான் எழும்பினேன். "பிராரத்துவம் சேர். சஞ்சிதத்தில் இருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென்று வந்த வினைப்பகுதி. அனுபவித்தே தீர வேண்டும். அந்த ஆன்மாவுக்கு அந்த உடலில் அவ்வளவுதான் நுகர்வு." ஒரு சொல்லும் தடக்கவில்லை.

"கெட்டிக்காரி. இதே வசனத்தைச் சோதினையிலயும் எழுதும்" என்றீர்கள்.

அவள் இருந்தாள். கொப்பியைத் திறந்தாள். நான் சொன்னதை எழுதினாள்.

சேர், அவள் அழுதுகொண்டு வெளியே போயிருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு கஷ்டமில்லை. தன் தம்பியைப் பற்றி நான் சொன்ன வரைவிலக்கணத்தைத் தன் கையெழுத்திலேயே எழுதி, கீழே கோடும் அடித்தாள். பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஏ.எல். என்கிற உயர்தரச் சோதினையில் எனக்கு ஏ, அவளுக்கு எஸ், சாதாரண சித்தி.

எனக்கு அப்போது 18 வயது. பாடத்திட்டம் முடிய வேண்டும், இசட் புள்ளி காணாவிட்டால் பல்கலைக்கழகம் இல்லை, வீட்டில் அந்த ஒரு வழியைத்தான் நம்பியிருந்தார்கள். விடை தெரிந்த பிள்ளை விடை சொன்னது. இதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன். "நீ பிழையாச் சொல்லேல்லயே" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. ஒரு சிறுமியைக் 'கெட்டிக்காரி' என்று நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால், நான் சொன்னது என்னவென்று அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்கும்.

இப்படி எழுதும்போதே சனிக்கிழமைகள் ஞாபகம் வருகின்றன. ஒரு சதமும் வாங்காமல், சைக்கிளில் வந்து, நான்கு பிள்ளைகளுக்காக மத்தியானம் வரைக்கும் நின்று படிப்பித்தீர்கள். மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரம், 40 அடிதான், ஆனால் முதலாவது சூத்திரத்துக்கே மூன்று சனி எடுத்தீர்கள். "அவன் அவள் அதுஎனும் அவைமூ வினைமையின்" என்று தொடங்கும்போது உங்கள் குரல் மாறும். அவன், அவள், அது என்று சுட்டக்கூடிய உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. அப்படியானால் அதற்கு ஒரு செய்பவன் வேண்டும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை, சத்தி, சிவன். கடவுள் உண்டு என்பதை நம்பு என்று சொல்லாமல், மலையில் புகை கண்டு நெருப்பு அறிவது போல அனுமானத்தால் நிறுவலாம் என்று ஒருவர் 13ஆம் நூற்றாண்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார் என்று நீங்கள் சொன்ன அன்று நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்து போனேன். யோசிக்கலாம் என்பதை எனக்குக் காட்டியவர் நீங்கள். அதனால்தான் கோபமும் உங்களில் வருகிறது.

ஏ.எல். முடிந்ததும் சிவஞானபோதத்தின் வழிநூலான சிவஞான சித்தியார், உங்கள் கைப்புத்தகத்தையே எனக்குத் தந்தீர்கள். கம்பசுக்குப் போகும் பிள்ளைக்கு உதவும் என்றீர்கள். சைவத்தின் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்தைத்தான் நீங்கள் படிப்பித்தீர்கள். மற்றச் சமயங்களின் வாதங்களை எடுத்து மறுக்கும் பரபக்கம் சோதினைக்கு வராது என்று தாண்டிவிட்டீர்கள். முதலாம் வருட விடுதி அறையில்தான் பரபக்கத்தைத் திறந்தேன். 14 சமயங்கள், சேர். கண்ணால் கண்டதே மெய் என்னும் லோகாயதன், நான்கு வகைப் பௌத்தர், சமணனான நிகண்டவாதி, ஆசீவகன், பட்டாசாரியன், மாயாவாதி என்று வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொருவரையும் அருணந்தி சிவாசாரியார் முதலில் பேச விடுகிறார். அவனுடைய வாதத்தை அவனுக்காக நின்று சொல்லிவிட்டுத்தான் மறுதலை சொல்கிறார். எங்கள் சைவத்தின் பெரிய நூல், எதிர்த்துக் கேட்பவனுக்கு முதல் வரிசையில் இடம் கொடுத்திருக்கிறது. மணிமேகலை வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயக்கணக்கரிடமும் போய், நீ சொல்வது என்ன என்று கேட்கிறாள். அவளைப் பார்த்து இரும் என்று எவரும் சொல்லவில்லை. மூன்றாம் வாங்கில் எழும்பி நின்றவள் அந்த வரிசையில் வந்தவள்தானே? அவளுக்கு மட்டும் ஏன் வரைவிலக்கணம்?

இவ்வளவும் பாடத்திட்டத்தின் குற்றம் என்று உங்களை விட்டுவிட்டிருப்பேன். லோகாயதன் கன்மத்தை மறுக்கும் பக்கத்தைத் திருப்பும் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. மறுதலை வரும் இடத்தில் எந்த அடையாளமும் இல்லை. புத்தகம் முழுக்கத் தேடினேன், வேறெங்கும் நீங்கள் பென்சில் வைக்கவில்லை.

உங்களுக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. கேள்வியைப் புத்தகத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு விடையை மட்டும் தந்திருக்கிறீர்கள். "எனக்கும் தெரியேல்ல பிள்ளை" என்று அவளுக்கு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். மெய்கண்டார் ஒன்றும் இடிந்து விழுந்திருக்க மாட்டார்.

போன வருடம் விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். அங்கே பார்த்ததை வெளியில் எழுத எனக்கு அனுமதியில்லை, எழுதவும் மாட்டேன். புள்ளித்திட்டத்தில் இருப்பதற்குத்தான் புள்ளி போடலாம், போட்டேன் என்று மட்டும் சொல்கிறேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. உங்களைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். சிவப்புப் பேனையைக் கையில் பிடித்த பிறகுதான், கரும்பலகைக்கு முன்னால் நீங்கள் எதற்குப் பயந்திருப்பீர்கள் என்று கொஞ்சம் தெரிந்தது. முழுக்கத் தெரியவில்லை.

மன்னிப்பும் கேட்க வேண்டும். இத்தனை வருடமும் எங்கே சமயக்கல்வி பற்றிப் பேச்சு வந்தாலும், பெயர் சொல்லாமல் உங்கள் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன். 'ஒரு வாத்தியார் இருந்தார்' என்று தொடங்குவேன். அந்தக் கதையில் எழும்பி நின்று விடை சொன்ன பிள்ளை வருவதில்லை. வாத்தியார்தான் பிராரத்துவம் என்று சொல்வார். கேட்டவர்கள் உங்களைக் கல்நெஞ்சர் என்றார்கள், நான் திருத்தவில்லை. அதைச் சொன்னது நான், சேர். நீங்கள் 'கெட்டிக்காரி' என்று மட்டும்தான் சொன்னீர்கள்.

விழாவுக்கு வருவேன். பின் வரிசையில் இருப்பேன். காலில் விழுந்து கும்பிடவும் செய்வேன், அதில் ஒரு மாற்றமுமில்லை. அவளும் வருகிறாள், தன் பெரிய மகளையும் கூட்டிக்கொண்டு. அவள் ஏன் வருகிறாள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அட்டை கழன்றுவிட்டது, பென்சில் மங்கிவிட்டது, ஆனால் தெரிகிறது. அந்தக் கேள்விக்குறியை எப்போது போட்டீர்கள்? அவள் எழும்பிக் கேட்பதற்கு முதலா, பிறகா? முதல் என்றால், தெரிந்துகொண்டுதான் என்னைப் பாராட்டினீர்கள். பிறகு என்றால், அன்றைக்கு வீட்டுக்குப் போய் இந்தப் பக்கத்தைத் தேடி எடுத்திருக்கிறீர்கள்.

இதை மட்டும் சொல்லுங்கள், சேர்.

உங்கள் மாணவி